கசப்பு நீரில் பிறந்த அட்டவணை



தனிம அட்டவணை என்றதும் 118 கட்டங்களை நெட்டுருப் போட்ட நினைவுதான் பலருக்கு வருகிறது. அந்த அட்டவணை சொல்லும் செய்தி தூத்துக்குடி உப்பளங்களில் ஆண்டுதோறும் நம் கண்முன்னே நடக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சிய உடனே உப்பு விளைந்துவிடாது. வெயிலிலும் காற்றிலும் நீர் வற்ற வற்ற, கரைந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. முதலில் போவது கால்சியம்: கொஞ்சம் சுண்ணாம்பாக, பிறகு ஜிப்சமாக. நீரின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். 25 டிகிரியை எட்டும்போதுதான் சோடியமும் குளோரினும் கூடி உப்பாகப் படியத் தொடங்கும். 29, 30 டிகிரி ஆனதும் மிச்ச நீரைத் திறந்துவிட வேண்டும். விடாவிட்டால் மெக்னீசியம் உப்பில் ஏறிவிடும். உப்பு கசக்கும், மூட்டையிலேயே ஈரம் கோத்துக்கொள்ளும். கூசும் வெயிலில் பலகை பிடித்து உப்பு வாரும் பெண்கள் எந்தப் பாடநூலும் இல்லாமலே இந்த வரிசையை அறிந்தவர்கள். அவர்களுடையதும் ரசாயன அறிவுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நாம் கழித்துவிடும் அந்தக் கசப்பு நீருக்கு அறிவியல் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1826இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்து இளைஞர் அந்துவான் பலார், உப்பள மிச்ச நீரில் குளோரினைச் செலுத்தினார். நீர் செம்பழுப்பாக மாறியது. வெளிவந்தது புரோமின் என்ற புதிய தனிமம். ஆற்றல் மிகுந்த குளோரின், புரோமினைச் சேர்மத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. 1829இல் ஜெர்மானியர் டோபரைனர் ஒரு கணக்குப் போட்டார். குளோரினின் அணு எடை 35.5, அயோடினுடையது 127. இரண்டின் சராசரி 81. புரோமினின் எடையோ ஏறக்குறைய 80! குணத்திலும் அது இரண்டுக்கும் நடுவே நின்றது. குணமும் எடையும் தொடர்புடையவை என்ற இந்தப் பொறிதான் 1869இல் மெண்டலீவின் அட்டவணையாக விரிந்தது. கண்டறியப்படாதவற்றுக்கு அவர் காலியிடம் விட்டார். 1875இல் கேலியம் கிடைத்து, ஓரிடம் நிரம்பியது. பின்னாளில் எடையைவிட அணுக்கருவின் புரோட்டான் எண்ணிக்கையே வரிசைக்குச் சரியான அடிப்படை என்று தெரிந்தது.

அட்டவணையின் இந்த ஒற்றுமையை உப்பில் மட்டுமல்ல, முத்திலும் பார்க்கலாம். நம் தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு இல்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார். முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது ஸ்ட்ரான்சியம். கடல்நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவே இருந்தும், முத்தில் சில இடங்களில் கால்சியத்துக்குப் பதிலாக அது அமர்ந்துகொள்கிறது. அணுகுண்டுச் சோதனைகளில் உண்டான ஸ்ட்ரான்சியம்-90 குழந்தைகளின் எலும்பில் சேர்ந்ததும் இதே ஒற்றுமையால்தான். ஒரே நெடுவரிசையில் இருப்பவை ஒன்றுபோல நடப்பது, அழகுக்கும் காரணமாகிறது, ஆபத்துக்கும் காரணமாகிறது.

குளோரினும் அயோடினும் அட்டவணையில் ஒரே குடும்பம் என்றாலும், கடலில் அவற்றின் அளவு ஒன்றல்ல. ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரின் 19 கிராம், அயோடினோ 0.06 மில்லிகிராம்தான். அதனால்தான் கடலில் விளைந்த உப்பிலும் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியே சேர்க்கிறோம். வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்கு அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. முன்கழுத்துக் கழலையிலிருந்து நம் பிள்ளைகளைக் காப்பது அந்தச் சிட்டிகைதான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், மழைக்காலம் முடிந்து உப்பு விளையும் மாதங்களில் மாணவர்களை ஒரு நாள் அளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். டிகிரி பார்ப்பவரையே அன்றைய பாடத்தை நடத்தச் சொல்லுங்கள்.