ஹெர்னியாவும் ஒரு மாத லீவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை)



வளைகுடாவில் வேலை பார்ப்பவன் என்பதால் வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவேன் என்று நம் செயலாளர் நினைத்திருப்பார். நான் பேச வந்திருப்பது ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் பற்றி. சிரிக்காதீர்கள். ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொடையிடுக்கில் இது வரும் என்கிறது மருத்துவக் கணக்கு. இந்த ஹாலில் எத்தனை பேர் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

என் தகப்பனாரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ராயபுரம் குடோனில் மூட்டை தூக்கியவர். தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும். ஏழு வருஷம் பெல்ட் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. ஓதம் என்று ஊர் பேசிவிடுமோ என்ற வெட்கம். ஓதம் வேறு, ஹெர்னியா வேறு. ஓதத்தில் விரைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும். இதில் வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி வரும். அதை அன்றைக்கு எங்கள் வீட்டில் சொல்ல யாரும் இல்லை.

2007-ல் நான் இரண்டாம் ஆண்டு. ஒரு ராத்திரி அந்தப் புடைப்பு உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிவிட்டது. வாந்தி வேறு. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல்தான். மணலியிலிருந்து ஆட்டோ பிடித்தோம். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற அந்தச் சாலையை நம்மில் யார் மறந்திருப்போம்? டிரைவர் அண்ணன் மண்ணில் இறக்கி, சந்தில் நுழைத்து, ஸ்டான்லியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போன குடல் பகுதியை வெட்டியெடுத்து, நைனாவை உயிரோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை. வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

எனவே 2022-ல் குளிக்கும்போது என் தொடையிடுக்கில் அதே புடைப்பைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! நான் இருப்பதோ பாலைவனத்து ஓரம், ஒரு பாலிப்ரொப்பிலீன் ஆலை. கம்பெனி கிளினிக்கில் சொன்னால் உடல்தகுதிச் சான்றிதழ் போய்விடுமோ என்று பயந்து, மூன்று வாரம் நானும் நைனா மாதிரியே மறைத்தேன். இன்ஜினியர் படிப்பு படித்து என்ன பிரயோஜனம்? கடைசியில் சொன்னேன். பாரம் தூக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அங்கே டாக்டர் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்க வைத்தது. அறிகுறி குறைவாக உள்ள ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை ஆபரேஷன் இல்லாமல் கவனித்து வந்த ஓர் ஆய்வு 2006-ல் அமெரிக்காவில் வெளியானது. குடல் மாட்டிக்கொள்வது வருஷத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி கூடியதால், பத்து வருஷத்துக்குள் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். ஆக, நாளைக்கே ஓட வேண்டியதில்லை. யோசிக்க நேரம் இருக்கிறது. இறுகிப்போய், வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் யோசிக்கவே கூடாது, கிட்டே இருக்கிற ஆஸ்பத்திரிதான்.

என் ரூம்மேட்டுக்கும் இதே கதை. அவன் இன்ஷூரன்ஸை வைத்து அங்கேயே முடித்துக்கொண்டான். பத்தாம் நாள் ஆபீஸ் வந்தான். அதுவும் சரியான முடிவுதான். எனக்கு ஒரு மாத லீவு இருந்தது, அம்மா கையால் ரசம் சாதம் சாப்பிட ஆசையும் இருந்தது. ஊருக்கு வந்தேன். கைக்காசுதான்.

முதலில் போனது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். 'பேக்கேஜ்' மேஜையில் மூன்று விதமான வலை, மூன்று விலை, செல்போன் பிளான் மாதிரி. "யார் ஆபரேஷன் பண்ணுவாங்க?" என்றேன். "டீம் பார்த்துக்கும் சார்" என்றார்கள். மகாராஷ்டிரத்தின் தொண்டைச்சாவில் டாக்டர் தொங்காவ்கர் சாதாரணக் கொசுவலைத் துணியையே சுத்திகரித்து ஹெர்னியாவுக்கு வைத்துக் காட்டினார். உகாண்டாவில் 300 பேரிடம் அப்படிப்பட்ட கொசுவலையையும் விலை உயர்ந்த வலையையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. வலையின் விலையைவிட அதை வைக்கிற கைதான் முக்கியம் என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது டாக்டர் லேப்ராஸ்கோப்பிதான் என்றார். நல்ல முறைதான், சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம், நாள்பட்ட வலியும் குறைவு. ஆனால் அது கைக்கு வர 50 முதல் 100 கேஸ் வரை ஆகும் என்று 2018-ன் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. "நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். முகம் மாறிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது, ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வயதான சர்ஜன். "எனக்கு அந்தக் குழாய் வேலை வராது தம்பி. நான் திறந்துதான் செய்வேன். வாரத்துக்கு மூணு நாலு பண்றேன். ரெண்டு பக்கமும் இருந்தாலோ, ஒரு தடவை திறந்து பண்ணி திரும்ப வந்திருந்தாலோ, உன்னை வேற ஆள்கிட்ட அனுப்பியிருப்பேன்" என்றார். வலை என்னவென்று கேட்டேன். பாலிப்ரொப்பிலீன்! நான் சம்பளம் வாங்குகிற பொருள். மணலி ரிஃபைனரியிலிருந்து பக்கத்து பெட்ரோகெமிக்கல் ஆலைக்குப் போகிற அதே ப்ரொப்பிலீனைக் கோத்தால் வருவது. 1980-களில் லிச்டென்ஸ்டைன் என்ற அமெரிக்க சர்ஜன் பிரபலமாக்கிய முறை. அதற்கு முன் தசையை இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். இழுவையில் தையல் விட்டுப்போகும். நைனா கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிழிஞ்ச கோணிய இழுத்துத் தெச்சா நிக்குமாடா? ஒட்டுப் போட்டாத்தான் நிக்கும்." குடோனில் முப்பது வருஷம்.

இன்னொரு கேள்வி இருந்தது. இதை வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். நூற்றில் 10, 12 பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் மாதக்கணக்கில் வலி இருக்கும். லீவு முடிந்து நான் போனபிறகு வந்தால்? "டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. ஆபரேஷன் நோட்டையே கேட்டு வாங்கிட்டுப் போ" என்றார் அந்தப் பெரியவர். என்ன வலை, என்ன அளவு, எதில் தைத்தது, எந்த நரம்பைப் பார்த்தார், எதை விட்டார், எல்லாம் ஒரே தாளில், அவர் கையெழுத்தோடு.

இரண்டாம் மாதம் எனக்கு வலித்தது. ஏணி ஏறும்போது சுருக் சுருக்கென்று. அந்தத் தாளைத்தான் அங்கே டாக்டரிடம் நீட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "நரம்பெல்லாம் காப்பாற்றியிருக்கிறார், இப்போதைக்குத் திறக்க வேண்டாம்" என்று மாத்திரை கொடுத்தார். ஐந்தாம் மாதம் அடங்கியது. தழும்புக்குக் கீழே நாலணா அளவுக்கு ஓர் இடம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். இப்படி ஏதாவது புடைப்பை மறைத்து வைத்திருக்கிறவர்கள் மைக்கில் கேட்க வேண்டாம். கை கழுவிவிட்டு வேப்பமரத்தடிக்கு வாருங்கள், பேசுவோம்.