தொட்டுப் பார்க்கட்டும் ஒலியை
(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். "ஒலி எதனால் உண்டாகிறது?" என்று கேட்டால், "அதிர்வினால், ஐயா" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். "அதிர்வு என்றால்?" அமைதிதான். 2003-இல் அறிவியல் பாடம் ஆங்கிலத்துக்கு மாறியபோது 'வைப்ரேஷன்' என்றார்கள். அடுத்த கேள்விக்கு அதே அமைதி. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. படிப்படியாகப் பாடம் தமிழுக்குத் திரும்பியது. அறிவியலைத் தமிழில்தான் கற்பிக்க வேண்டும் என்பவன் நான். ஆயினும் கை தொட்டறியாத சொல் எந்த மொழியிலும் மனப்பாடமே.

ஆய்வுக்கூடம் இல்லையே என்பார்கள். ஒரு மைலோ டின் போதும். பலூனை வெட்டி அதன் வாயில் இறுக்கிக் கட்டி, மேலே பத்து அரிசி போடுங்கள். அருகில் ஒரு பிஸ்கட் டின்னைப் பிடித்து ஓங்கித் தட்டுங்கள். அரிசி துள்ளும்! யாரும் அதைத் தொடவில்லை. நடுவில் இருப்பது காற்று மட்டுமே.

ஆனால் இது பாதிதான். ஒலி பொருளை ஆட்டுகிறது என்று தெரிகிறது. ஆட்டமே ஒலிக்குக் காரணம் என்பது இன்னும் தெரியவில்லை. அதற்குப் பூசை மணியை அடித்து, விளிம்பில் விரல் வைக்கச் சொல்லுங்கள். விரலில் குறுகுறுப்பு; அக்கணமே ஒலி அடங்கும். அதிர்வு நின்றது, ஓசையும் நின்றது. பிறகு அடிக்கோல். மேசை விளிம்பில் நீளமாக நீட்டிவிட்டால் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நொடிக்கு 20 முறையாவது அதிர்ந்தால்தான் நம் செவி ஏற்கும். நீட்டத்தைக் குறைக்கக் குறைக்க ஓசை பிறந்து உயரும்.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன், 1920-இலேயே நம் தாளக்கருவிகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதியவர். பின்னாளில் மிருதங்கத் தோலில் நுண்மணலைத் தூவித் தட்டிப் பார்த்தார். ஆடாத கோடுகளில் மணல் போய் ஒதுங்கியது. வலந்தலை நடுவிலுள்ள கரும்பூச்சே அதன் மேற்சுரங்களை இசையாக ஒழுங்குபடுத்துகிறது என்று விளக்கினார். அவருடைய மணலும் நம் டின் அரிசியும் ஒரே சோதனைதானே!

தைப்பூச ஊர்வலத்தில் உறுமி கேட்டு வளரும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். தேர்வில் எப்போதும் கடைசியில் நிற்கும் மாணவன் ஒருவனை அவன் மாமாவின் உறுமியைக் கொண்டுவரச் சொன்னேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தான்; வகுப்பு அதிர்ந்தது. "அடிக்கவே இல்லையே, பிறகு எப்படிச் சத்தம்?" என்றேன். தோலில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தவன், "குச்சி தோலைப் பிடிச்சுப் பிடிச்சு விடுது ஐயா, அதான் தோல் ஆடுது" என்றான்.

அன்று எந்தப் புத்தகத்தையும் அவன் திறக்கவில்லை.