குடி நிற்கும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டுமா?



தஞ்சை மாவட்டம் பூதலூர் வட்டாரத்தில், குடிப்பழக்கம் உள்ள ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், அந்த வீட்டு அம்மா அநேகமாக இப்படித்தான் சொல்வார்: "அவரு அதை மட்டும் விட்டுட்டாருன்னா போதுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்."

நியாயமான ஆசைதான். ஆனால் அவர் விடுகிற நாள் வரும்வரை வீட்டில் எல்லாமே தள்ளிப் போகிறது. பிள்ளையின் படிப்புச் செலவு, ராத்திரித் தூக்கம், உயிர்ப் பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு நாளுக்காகக் காத்துக் கிடக்கின்றன. அந்த நாள் அடுத்த மாதமே வரலாம், ஐந்து வருஷம் கழித்தும் வரலாம்.

சமூகப் பணியில் 'பாதிப்பைக் குறைத்தல்' என்று ஒரு வழி உண்டு. குடியை நிறுத்தும் முயற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், அந்தக் குடியால் இன்றைக்கு வரும் சேதத்தை இன்றைக்கே குறைப்போம் என்பதுதான் அது. 1990களில் எச்.ஐ.வி. பரவியபோது, மணிப்பூரில் ஊசி மூலம் போதை ஏற்றிக்கொண்டவர்களுக்குப் புது ஊசி கொடுத்ததும் இந்த எண்ணத்தில்தான். பழக்கம் போக நாளாகும், அதுவரை நோயாவது தொற்றாமல் இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

இதை நம் நெல் வயல் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலில் பூச்சிமருந்து. குறுவைக்கும் சம்பாவுக்கும் வாங்கியதில் மிச்சம் பரண் மேலேயோ அடுப்படி மூலையிலேயோ இருக்கும். குடித்துவிட்டு வந்து சண்டை, ஆத்திரம். அந்த நேரத்தில் கணவனோ மனைவியோ கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அது இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், ஊர்ப் பொது இடத்தில் பூட்டு போட்ட பெட்டிகள் வைத்து, விவசாயிகள் மருந்தை அங்கே பத்திரப்படுத்தும்படி செய்து பார்த்தார்கள். அந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே யாரையும் முதலில் குடியை விடச் சொல்லவில்லை, மருந்தைத்தான் வீட்டை விட்டு நகர்த்தினார்கள். நம் ஊரில் இப்படி ஏற்பாடு இல்லையென்றால், பூட்டுள்ள ஒரு பெட்டியும் நம்பிக்கையான ஒரு பங்காளி வீடும் போதும்.

அடுத்தது வண்டிச் சாவி. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடும் மாதங்களில், போதையில் கரை மேல் வண்டி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "குடிக்காதே" என்று சொல்லிக் கேட்காதவர், நிதானமாக இருக்கும் காலை வேளையில் "கடைக்கு நடந்து போங்க, வண்டி வீட்டுல இருக்கட்டும்" என்றால் கேட்கக்கூடும்.

பிறகு பணம். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது? நடவுக் கூலி, மகளிர் உரிமைத் தொகை, மகளிர் குழுச் சேமிப்பு இவையெல்லாம் அந்த அம்மாவின் கணக்கிலும் கையிலும்தான் இருக்க வேண்டும். அரிசி, பள்ளிச் செலவு, மருந்து மூன்றையும் முதல் நாளே எடுத்து வைத்துவிட வேண்டும்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் மாலை போடுகிறார், அல்லது கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்கிறார். அன்றோடு ஒரு சொட்டும் இல்லை. வீடே மகிழ்கிறது. மறுநாள் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. மூன்றாம் நாள் ராத்திரி, "சுவத்துல எறும்பு ஊருது பாரு" என்று இல்லாத எறும்பைத் தட்டிவிடுகிறார். சிலருக்கு வலிப்பும் வரும். இது காத்து கருப்பு இல்லை. மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் தடுமாறுகிறது. உயிரே போகலாம். இவர்களுக்கு மருத்துவமனையில் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து நிறுத்த வைப்பார்கள். அரிசித் தவிட்டில் நிறைய இருக்கிற அதே சத்துதான் பி1. சாப்பாட்டைத் தள்ளிக் குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். அதனால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால், இவர் குடிக்கிறவர் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று வரும் விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் அதற்கு மேல் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். அது அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து.

கள்ளச்சாராயம் பக்கமே போகக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் விஷத்தால். அப்படிக் குடித்தவருக்குக் கண் மங்கினால் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் குடிக்கு வக்காலத்து இல்லையா என்று சிலர் கேட்பார்கள். கடையில் அவர் வைத்த கடனை அடைப்பதும், வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வதும் குடியைத் தாங்குகிற வேலை. பூச்சிமருந்தைப் பூட்டுவதும் படிப்புக் காசை ஒதுக்குவதும் குடும்பத்தைத் தாங்குகிற வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடி விழுகிற வீட்டில், பிள்ளைகள் ராத்திரி எந்த வீட்டுக்கு ஓடிப் போகலாம் என்று அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே பேசி வைப்பதும் இதில் சேரும். அடிப்பதற்குக் குடி ஒரு சாக்கு ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அந்தப் பெண்ணுக்குத் துணை நிற்கிறது.

குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் டெல்டாவுக்குப் புதிதல்ல. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிறுவனம், 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் 15 நாள் முகாம்கள் நடத்தியது. மஞ்சக்குடி இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. சிகிச்சை ஊருக்கே வந்தது. குடித்தவருக்கு மட்டுமல்லாமல், வீட்டாருக்கும் ஆலோசனை கிடைத்தது.

இன்றைக்கு யாரைக் கேட்பது? போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. நேரில் போக, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. "அவர் வர மாட்டேங்கிறாரே" என்று தயங்க வேண்டாம். அவர் வருகிற அன்றைக்கு வரட்டும். முதலில் நீங்கள் போங்கள்.