இணையக் கடைக்கு ஹாஸ்டலா, தனி வீடா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



படிக்கிற காலத்திலேயே இணையத்தில் கடை திறக்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். ஒருவர் அம்மா செய்யும் பலகாரத்தை விற்கிறார், இன்னொருவர் அப்பா நெய்யும் சேலையை விற்கிறார். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ஷேர்டு ஹோஸ்டிங் போதுமா, டெடிகேட்டட் சர்வர் எடுக்கணுமா?" வீட்டு நகையை அடகு வைத்துத் தொடங்கிய கடைக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது நம்ம ஹாஸ்டல் மாதிரி. ஒரே சர்வரில் பல தளங்கள் குடியிருக்கும். தண்ணீர்த் தொட்டி ஒன்று. பக்கத்து அறைக்காரன் குழாயைத் திறந்து விட்டுப் போனால் நமக்குக் குளியல் இல்லை! 1997 ஜனவரியில் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, எந்தத் தளத்தின் பக்கம் வேண்டும் என்பதை பிரவுசர் பெயர் சொல்லியே கேட்க வேண்டும் என்றது. அதனால் ஒரே ஐ.பி. முகவரியில் பல தளங்கள் குடியிருக்க வழி பிறந்தது. வாடகையும் குறைந்தது.

டெடிகேட்டட் என்பது தனி வீடு. தொட்டி முழுக்க உங்களுக்கே. ஆனால் மோட்டார் போடுவதும் நீங்களே, ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் எரிந்தால் ஆளைத் தேடுவதும் நீங்களே. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, ஷேர்டு தளங்களின் சர்வரைச் சரி செய்வது ஹோஸ்டிங் நிறுவனத்தின் வேலை. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் தனி சர்வர் வைத்திருந்தவர்களுக்கு அது சொந்த வேலை.

சரி, கணக்குக்கு வருவோம். ஷேர்டில் உங்களுக்கு ஒரே சமயத்தில் 10 புரோசஸ் ஓட அனுமதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை விநாடி ஆனால், விநாடிக்கு 20 பக்கம் கொடுக்கலாம். தினம் 500 பேர் வந்து ஆளுக்கு 10 பக்கம் பார்த்தால் 5,000 பக்கம். அதில் பாதி ஒரே மணி நேரத்தில் வந்தாலும் விநாடிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. தாராளம்!

இனி தீபாவளிச் சமயம். வாட்ஸ்அப்பில் தள்ளுபடிச் செய்தி போகிறது. ஐந்தே நிமிஷத்தில் 1,000 பேர் வந்து ஆளுக்கு மூன்று பக்கம் திறக்கிறார்கள். விநாடிக்கு 10 பக்கம். அப்போதும் கடை நிற்கும். ஆனால் டேட்டாபேஸில் இன்டெக்ஸ் போடாமல் ஒரு குவெரி எழுதி, அரை விநாடி ஐந்து விநாடி ஆகிவிட்டால்? விநாடிக்கு இரண்டே பக்கம், கடை படுத்துவிடும். ஆகவே தம்பிகளே, சர்வரைப் பெரிதாக்கும் முன் உங்கள் புரோகிராமைப் பாருங்கள்.

மாத வாடகை ஓரிடத்தில் 300 ரூபாய், இன்னோரிடத்தில் 8,000 ரூபாய் என்று கொள்வோம். வருஷத்துக்கு வித்தியாசம் 92,400 ரூபாய். புதுக் கடைக்கு அது சரக்கு வாங்கும் பணம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அப்படியானால் தனி சர்வருக்கு எப்போது போவது? மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, புரோகிராமைச் சீர் செய்த பிறகும் சாதாரண நாளிலேயே வரம்பை முட்டுகிறதா? இரண்டு, ஒரு மணி நேரம் கடை மூடினால் வரும் நஷ்டம், கூடுதல் வாடகையை மிஞ்சுமா? மூன்று, சர்வரைக் கவனிக்க ஆள் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாகப் போகலாம். முதல் இரண்டுக்கு மட்டும் 'ஆம்' என்றால், பராமரிப்போடு சேர்த்துத் தரும் வி.பி.எஸ். எடுங்கள். அது அபார்ட்மெண்ட் மாதிரி. கட்டடம் பொது, கதவு தனி.

"அண்ணே, கிரெடிட் கார்டு விவரத்தைப் பத்திரமா வைக்கத் தனி சர்வர் வேண்டாமா?" என்றும் கேட்கிறார்கள். வைக்கவே கூடாது என்பதுதான் பதில். 2022 அக்டோபர் 1 முதல் வியாபாரிகள் கார்டு எண்களைச் சேமிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்திருக்கிறது. அந்த வேலையைப் பேமெண்ட் கேட்வேயிடம் விட்டுவிடுங்கள்.

பெரிய இயந்திரம் இருந்தால் கவலை இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட்டின் 'பிக் பில்லியன் டே' விற்பனையில் தளம் தடுமாறியது. நிறுவனர்களே வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். சுமார் 5,000 சர்வர் வைத்தும் கூட்டம் தாங்கவில்லை என்றார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் எரிந்து போனது. தனி சர்வர், பொது சர்வர் என்று நெருப்பு பேதம் பார்க்கவில்லை. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு இரண்டுமே போயிற்று.

ஆகவே, எந்த ஹோஸ்டிங் எடுத்தாலும் இரண்டை விடாதீர்கள். டொமைன் பெயரை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவு செய்யுங்கள். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், அவரோடு மனஸ்தாபம் வருகிற நாளில் கடையின் பெயர்ப் பலகையே உங்களுடையதாக இருக்காது. பேக்கப்பை வேறு நிறுவனத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து தளத்தை எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். இந்த இரண்டும் கையில் இருந்தால் ஷேர்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வீடு மாறலாம். அதனால் சின்னதாகத் தொடங்கப் பயப்படவே வேண்டாம்.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வர் வேலையிலேயே வருஷக்கணக்காக இருப்பவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். கடை தொடங்கும் ஒரு ஜூனியருக்கு மாதம் ஒரு மணி நேரம் கொடுங்கள். மூன்றாவது கேள்விக்கு அந்தப் பிள்ளைக்கும் 'ஆம்' என்று பதில் கிடைக்கட்டும்.