டாக்டரா? டாக்டருக்குத் துணையா?

(தருமபுரியில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய இளைஞர்களே! வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே!

கல்வியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். ‘படியுங்கள், முன்னேறுங்கள்’ என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வியை உங்கள் முன்னால் வைக்கிறேன். அவருக்குச் சொல்லும் பதில் இங்கே இருக்கும் பலருக்கும் பொருந்தும்.

அந்தத் தம்பிக்கு வயது 24. பெயர் வேண்டாம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறார். வண்டி ஓட்டுபவரை அங்கே பைலட் என்பார்கள். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து, ரத்தம் நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர் இவர். ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி மோதினாலும், பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தாலும், முதலில் போய் நிற்பவர் இவர்தான்.

அவர் கேட்டார்: “பாய், மூணு வருஷமா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடறேன். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினதும் என் வேலை முடிஞ்சிடுது. அதுக்கு மேல நடக்கிறதும் என் கையில இருக்கணும்னு தோணுது. எம்.பி.பி.எஸ். படிக்க ஆசை. வீட்டுல, ‘அது கிடைக்காது, பிசிசியன் அசிஸ்டென்ட் படி, அதுவும் பாதி டாக்டர்தான்’ங்கறாங்க. நான் எதுக்குப் போகட்டும்?”

சகோதரர்களே! இந்தக் கேள்விக்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

பாதி டாக்டர் என்று ஒருவர் உண்டா?

முதலில் இந்தப் படிப்பு என்னவென்று தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் இதைத் தொடங்கினார். அவர் முதலில் சேர்த்தது யாரைத் தெரியுமா? கடற்படையில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்து அனுபவம் பெற்ற நான்கு பேரை! நம் ஆம்புலன்ஸ் தம்பியைப் போன்றவர்களுக்காகவே பிறந்த படிப்பு இது. 1967இல் அவர்களில் மூவர் தேறி வெளியே வந்தார்கள்.

இந்தியாவுக்கு இது வந்தது நம் சென்னை வழியாகத்தான். 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன் தொடங்கி வைத்தார். பைபாஸ் அறுவையில் காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்துக் கொடுப்பது, நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பது, இவையெல்லாம் பிசிசியன் அசிஸ்டென்ட்டின் வேலைகள். மதிப்பான வேலை. கைத்திறன் வேண்டிய வேலை. இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், பயிற்சி ஆண்டையும் சேர்த்து நான்கு ஆண்டுகளில் பி.எஸ்சி. பட்டமாகப் படிக்கலாம். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்திலும் இந்தத் தொழில் இடம்பெற்றுவிட்டது.

ஆனால் இது பாதி டாக்டர் படிப்பு அல்ல! டாக்டரின் மேற்பார்வையில் செய்யும் தனித் தொழில். பிசிசியன் அசிஸ்டென்ட் முடித்தவருக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி நம் நாட்டில் இல்லை. அவர் சொந்தமாகக் கிளினிக் வைக்கவும் முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு பெறாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? என் உறவினர் ஒருவர் ஒரு டாக்டரிடம் பல வருடம் கம்பவுண்டராக இருந்தார். நல்ல மனிதர். டாக்டர் காலமானதும் ஊர் மக்களே அவரை டாக்டராக்கிவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. ஊசி போட்டார், மருந்து எழுதினார். ஒரு நாள் ஒரு குழந்தைக்கு ஊசி போட்ட பிறகு உடம்பு மோசமாகிவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான், குழந்தை பிழைத்தது. அவரோ அதன்பின் கடைவீதியில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. ‘பாதி டாக்டர்’ என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்!

வெளிநாட்டு ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே படித்த பிசிசியன் அசிஸ்டென்ட் பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் அந்த வேலை பார்க்க முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்தான் அவர்கள் தேர்வையே எழுதலாம். பிரிட்டனில் இவர்களைப் ‘பிசிசியன் அசோசியேட்’ என்று அழைத்து வந்தார்கள். நோயாளிகள் டாக்டர் என்று நினைத்து ஏமாறுகிறார்கள் எனப் பெரும் சர்ச்சை கிளம்பியது. 2025 ஜூலையில் வெளியான லெங் அறிக்கை, பெயரை ‘அசிஸ்டென்ட்’ என்று மாற்றச் சொன்னது. எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வி உலகம் முழுவதும் இருக்கிறது. நாம் தெரிந்து சேர வேண்டும். தெரியாமல் சேர்ந்துவிட்டு ஏங்கக் கூடாது.

பேரேட்டைத் திறப்போம்!

‘டாக்டர் படிப்பு ஐந்தரை வருடம், இது நான்கு வருடம், சீக்கிரம் சம்பாதிக்கலாம்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். வியாபாரிகளே, நீங்களே கணக்குப் பாருங்கள்.

தம்பியின் சம்பளம் மாதம் 15,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. பயிற்சி ஆண்டில் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை உண்டு. எனவே சம்பளமில்லாத காலம் 54 மாதம். இழப்பு 8,10,000 ரூபாய். பிசிசியன் அசிஸ்டென்ட் நான்கு ஆண்டில், பயிற்சிக் காலத்திலும் உதவித்தொகை எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 48 மாதம். இழப்பு 7,20,000 ரூபாய். வித்தியாசம் 90,000 ரூபாய்தான்!

அப்படியானால் உண்மையான செலவு எங்கே இருக்கிறது? எம்.பி.பி.எஸ். படிக்கும் காலத்தில் இல்லை. அதில் சேருவதற்கு முன் காத்திருக்கும் காலத்தில் இருக்கிறது! வேலையை விட்டுவிட்டு நீட் தேர்வுக்காக உட்காரும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 1,80,000 ரூபாய் சம்பளம் போகிறது. அதோடு பயிற்சிக் கட்டணம், விடுதிச் செலவு. ஒரு ஆண்டு உட்கார்ந்தால் அது முதலீடு. நான்கு ஆண்டு உட்கார்ந்தால்? கடையில் விற்காத சரக்குக்கு வட்டி கட்டுகிற கதைதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை வருடப் படிப்பு?’ என்பதல்ல. ‘எத்தனை வருடம் காத்திருக்கலாம்?’ என்பதுதான்.

உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா?

வயது கடந்துவிட்டதே என்கிறார்கள். நீட் எழுத உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. 24 வயதில் எழுதலாம், 30 வயதிலும் எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் அனுபவத்துக்கு அங்கே ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஆனால் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. விலங்கியல் படித்த பிள்ளைக்கு அதில் பாதி தெரிந்த பாடம். இயற்பியலும் வேதியியலும்தான் மறந்து போயிருக்கும். உழைப்பை அங்கே போட வேண்டும்.

நீட் கூடாது என்பதில் தமிழ்நாட்டின் குரல் தெளிவாக ஒலித்தது. ஆனால் விலக்கு கேட்ட மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக் குரல் ஒருபுறம் இருக்கட்டும். அதற்காகத் தம்பி தேர்வு எழுதாமல் இருக்க முடியாது.

2007இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மருத்துவப் படிப்புக்கும் உண்டு, துணை மருத்துவப் படிப்புகளுக்கும் உண்டு. எத்தனை வீடுகளில் சான்றிதழ் சரியாக இருக்கிறது? லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளை எனப் பட்டியலில் உள்ள பிரிவு சான்றிதழில் சரியாக இருக்க வேண்டும். கலந்தாய்வு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதால் என்ன பயன்?

இன்னொன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பழைய ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்களும் இதைக் கேட்கலாம். ஆனால் கவனியுங்கள்! அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ‘அரசுப் பள்ளி மாதிரிதானே’ என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

‘நீட் வேண்டாம், வெளிநாட்டில் டாக்டர் ஆக்குகிறோம்’ என்று வரும் தரகர்களையும் நம்பாதீர்கள். நீட்டில் தகுதி பெறாமல் வெளிநாடு சென்று படித்தால் திரும்பி வந்து இங்கே பதிவு செய்ய முடியாது. நீட்டில் தகுதி பெற்றுப் போனாலும், திரும்பியதும் இங்கே தனித் தேர்வில் தேற வேண்டும். நிலத்தை விற்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

தம்பிக்கு நான் சொன்ன பதில்

நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “தம்பி, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயாளி உன் முன்னால் கிடக்கிறார். என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு உனக்கு வேண்டுமா? அல்லது முடிவெடுக்கும் ஒருவரின் பக்கத்தில் நின்று, அந்த வேலையைக் குறையில்லாமல் செய்வது போதுமா? இரண்டும் கண்ணியமானதுதான். உன் மனசாட்சியைக் கேட்டுச் சொல்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முடிவெடுக்கணும் பாய். இந்த ஜில்லாவிலேயே இருந்து எடுக்கணும்” என்றார்.

அப்படியானால் உனக்கு எம்.பி.பி.எஸ்.தான் வழி என்றேன். பிசிசியன் அசிஸ்டென்ட் வேலை பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூர் போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. தருமபுரியிலேயே நின்று சேவை செய்ய நினைப்பவருக்கு அது பொருந்தி வருவது கடினம். நம் ஊரிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 108 வண்டி தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அந்தக் கல்லூரி வாசலில் ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டுத் திரும்பும் பிள்ளை, ஏன் அதன் வகுப்பறையில் உட்காரக் கூடாது?

ஆனால் நிபந்தனையும் சொன்னேன். முதல் ஆறு மாதம் வேலையை விடாதே. ஷிப்ட் இல்லாத நேரத்தில் பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களை எடு. பழைய வினாத்தாள்களை எழுதிப் பார். மதிப்பெண் ஏறுகிறது என்று தெரிந்தால் மட்டும் விடுப்போ, ராஜினாமாவோ. இரண்டு முறை எழுது. அதற்கு மேல் இல்லை. கிடைக்காவிட்டால் பிசிசியன் அசிஸ்டென்ட்டுக்குத் தலை நிமிர்ந்து போ. 2025 வரை அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை, நீட் கேட்கவில்லை. சேரும் ஆண்டின் அறிவிப்பில் வயதையும் தகுதியையும் பார்த்துக்கொள். ‘தோற்றுப் போய் வந்தேன்’ என்று நினைக்காதே. நல்ல துணை இல்லாமல் எந்த அறுவை நிபுணரும் ஜெயித்ததில்லை.

வியாபாரப் பெருமக்களே!

இப்போது உங்களிடம் வருகிறேன். அந்தத் தம்பியின் தந்தை வாரச் சந்தையில் பழைய துணி விற்பவர். மகனின் சம்பளம்தான் வீட்டு வாடகை. ஒரு வருடம் அவர் படிக்க உட்கார்ந்தால் அந்த வாடகையை யார் கொடுப்பது? அவர் தயங்குவது பாடத்துக்காக அல்ல, வாடகைக்காக!

ஒரு கடைக்கு மாதம் 500 ரூபாய். முப்பது கடை சேர்ந்தால் 15,000. ஒரு பிள்ளையின் ஒரு மாதச் சம்பளம் அங்கே வந்துவிட்டது. ஜமாஅத்துக்கு ஒரு பிள்ளை, ஆணோ பெண்ணோ, ஒரு வருடம். கடனாகவே கொடுங்கள்; டாக்டரானதும் அடுத்த பிள்ளைக்குத் திருப்பித் தரட்டும். கல்யாண மண்டபத்தில் ஒரு வேளை பிரியாணிக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு பந்தியைக் குறைத்தால் ஒரு பிள்ளைக்குப் பல மாதம் கிடைக்கும்.

சிந்தித்துப் பாருங்கள்! அடுத்த முறை நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து 108 வண்டி வந்து நிற்கும்போது, அதில் வரும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “தம்பி, மேலே படிக்க விருப்பமா? உனக்கு எத்தனை மாதம் வேண்டும்?”

அந்தத் தம்பி இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. இன்று அவருக்கு இரவு ஷிப்ட். ஆனால் வண்டியில் இயற்பியல் புத்தகம் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், மீதியை நாம் பார்த்துக்கொள்வோம்.