பின்னங்கால் இழுக்கும் பூனைக்குட்டி: அறுவைச் சிகிச்சை எப்போது உதவும்?

(நமது நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வண்டி நிறுத்துமிடத்தில் பிறக்கும் குட்டிகளில் எப்போதாவது ஒன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். "இது தேறாது, கண்மாய்க் கரையில் விட்டுவிடுங்கள்" என்பார்கள். அதற்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, காரணம். தள்ளாடும் குட்டிக்கெல்லாம் முதுகெலும்பில் கோளாறு இருக்காது. சினையாக இருக்கும் தாயைப் பான்லூகோபீனியா வைரஸ் தாக்கினால் குட்டியின் சிறுமூளை சரியாக வளராது. தலை ஆடும், நடை தள்ளாடும். ஆனால் நாளாக ஆக முற்றாது, அறுவைச் சிகிச்சையும் வேண்டாம். வண்டியில் அடிபட்டிருந்தால் அது வேறு சிகிச்சை. முதுகெலும்புப் பிறவிக் கோளாறில் இடுப்புப் பக்கம் தோலில் குழியோ நீர் கசியும் துளையோ இருக்கலாம், முயல்போலத் தாவும், சிறுநீரும் மலமும் தானாகப் போகும். வாலில்லாத மேங்க்ஸ் இனத்தில் இது அதிகம். வாலைக் குறைக்கும் அதே மரபணு முதுகெலும்பின் அடியையும் கெடுத்துவிடுகிறது.

இரண்டாவது, சிகிச்சை. சில குட்டிகளுக்கு முதுகெலும்பு மூடாமல், தண்டுவட உறை தோலோடு ஒட்டியிருக்கும். குட்டி வளர வளர எலும்பு நீளும், ஒட்டிய தண்டுவடம் இழுபடும். அந்த ஒட்டை விடுவித்து உறையைத் தைத்து மூடுவார்கள். முள்ளெலும்பு கோணலாகி அழுத்தினால், மேல்வளைவை எடுத்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். தேவைப்பட்டால் கம்பியும் எலும்புச் சிமெண்டும் வைத்து நிலைநிறுத்துவார்கள். நம் ஆலங்குளம் ஆலைச் சிமெண்ட் அல்ல. அது ஒருவகை பிளாஸ்டிக்!

மூன்றாவது, எல்லை. இருக்கிற நரம்பைக் காப்பாற்றலாம். கருவிலேயே உருவாகாத நரம்பை எந்தக் கத்தியாலும் உண்டாக்க முடியாது. நடை தேறினாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு வராமல் போகலாம். பிறகு தினமும் சிலமுறை வயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்க வேண்டும். அதை யார் செய்வது என்று முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். குட்டியை அட்டைப்பெட்டியில் தட்டையாகப் படுக்கவைத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வலிக்கென்று பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். கால்விரலை அழுத்தினால் வலி தெரிகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த உணர்வு இருந்தால் நம்பிக்கை கூடும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். தண்டுவடத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். சென்னையில் 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரியும் இருக்கிறது.

இழுபடும் நரம்பு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அதனால் அடையாளம் தெரிந்த அன்றே காட்டுங்கள். தேறாது என்று மருத்துவர் சொன்னால், வலியில்லாத முடிவைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். கண்மாய்க் கரை அதற்கு வழியல்ல.