மாசி மண்ணில் ஒரு குழி



தை முதல் நாள் நம் அவனியாபுரத்தில் காளைகள் ஓடி முடித்து, வாடிவாசல் கட்டைகளையும் கழற்றியாயிற்று. இனி மாசி. குளிர் நாடுகளில் பனி உருகிய பிறகுதான் தோட்டத்தில் கை வைப்பார்கள். நமக்கோ சித்திரை வெயில் வருவதற்குள் செடி வேர்பிடித்தாக வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் நாம் இந்தப் பட்டத்தை மறந்துவிடுகிறோம். வெண்டை, பாகல், புடலைக்கு இதுவும் நல்ல பருவம்தான்.

மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, சில நாள் வெயிலில் ஆறப்போடுங்கள். நன்றாக மக்கிய எருவையே இடுங்கள். பச்சைச் சாணம் வேரைக் கருக்கும். பாகலுக்கு 1 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி போதும். குழிக்கு 5 விதை. 15 நாள் கழித்து நல்ல நாற்று இரண்டை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். பிடுங்க மனம் வராது. எனக்கும் வராது.

தண்ணீர்தான் கஷ்டம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும்தான் நம் வீட்டுத் தோட்டங்களுக்குப் பாசனம். சண்டையும் அதில்தான்.

நான் முன்பு பணியாற்றிய பங்கில் ஓர் அண்ணன், தம்பி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தம்பி வீட்டுத் தண்ணீர் அண்ணன் தோட்டத்துக்குப் பாயும். அப்பா காலத்து வாய்க்கால். சொத்து பிரித்தபோது ஏதோ ஒரு வார்த்தை தடித்தது. தம்பி சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். நாலு வருடம் பேச்சில்லை. திருப்பலிக்கு இருவருமே தவறாமல் வருவார்கள், ஆளுக்கொரு மூலையில். பேசிப் பார்க்கப் போனேன். இரண்டு வீட்டிலும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்!

போன ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிறோம். அடுப்புச் சாம்பலை அசுவினிப் பூச்சிக்காகச் செடியில் தூவுவதும் நமக்குத் தெரியும். தவக்காலத்தை ஆங்கிலத்தில் 'லென்ட்' என்பார்கள். அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் வசந்த காலத்தைக் குறித்தது. லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், 3 ஆண்டு காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு கேட்கிறார். வெறுமனே கேட்கவில்லை, கொத்துவதும் எருப்போடுவதும் தன் பொறுப்பு என்கிறார். மரம் பிறகு காய்த்ததா? இயேசு சொல்லவில்லை.

அந்த ஆண்டு சாம்பல் புதன் கழிந்த வாரம், அண்ணன் பாகலுக்குக் குழி வெட்டினார். தம்பி வீட்டுச் சுவரை ஒட்டி. கொடி ஏறினால் பாதிக் காய் அந்தப் பக்கம்தான் தொங்கும். "ஏங்க, இடமா இல்ல?" என்று கேட்டிருக்கிறார் அவர் மனைவி. "வெயில் இங்கதான் நல்லா விழுது" என்றாராம்.

பங்குனிக் கடைசியில் அங்கே போயிருந்தேன். சிமெண்டு அப்படியே இருந்தது. கொடி சுவரின் உச்சியைத் தொட்டிருந்தது. நாங்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கையில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொடியின் தூரில் விழும்படி ஊற்றினார்கள். அண்ணன் பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சாமி, இன்னொரு காபி சாப்பிடுறீங்களா?" என்றார்.